ராக்ஸ்மித் 2014: காது உண்டு, கண் இல்லை

2005-ல் வந்த கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமின் பொம்மைக் கிட்டாரில் ஐந்து வண்ணப் பொத்தான்கள்தான். அதில் எவ்வளவு தேறினாலும் நிஜக் கிட்டாரைக் கையில் எடுத்தால் ஒரு சுரம்கூட வராது. 2010-ல் ராக் பேண்ட் 3 ஒரு படி மேலே போனது: 17 ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்கள்) ஆறாறு என்று 102 பொத்தான் வைத்த ஒரு கிட்டார். அதிலும் விரல் அழுத்துவது பொத்தானைத்தான், கம்பியை அல்ல. 2011 அக்டோபரில் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் கொண்டுவந்த ராக்ஸ்மித் அந்தப் பொம்மையையே ஒதுக்கிவிட்டது. வீட்டில் இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரில் கேபிளின் ஒரு முனை, மறுமுனை யூஎஸ்பியில். நீங்கள் மீட்டுவதைக் கேட்டு, சரியான சுரம் சரியான நேரத்தில் விழுந்ததா என்று கேம் சொல்லிவிடும்.

இங்கே பார்ப்பது 2013-ல் வந்த ராக்ஸ்மித் 2014 பதிப்பு. 2016-ல் ரீமாஸ்டர்டு என்ற பெயரில் மெருகேறிய அதே கேம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியா பக்கம் வீட்டில் ஒரு பிளேஸ்டேஷனும் மூலையில் சாத்திவைத்த ஒரு கிட்டாரும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். கிட்டார் பழக ஆசைப்பட்டு, வாத்தியார் கிடைக்காமலோ நேரம் ஒத்துவராமலோ விட்டுவிட்டவர்களைத் தினமும் கிட்டாரை எடுக்க வைக்க இதைவிட நல்ல சாதனம் இல்லை. ஆனால் இந்த வாத்தியாருக்குக் காது மட்டும்தான் உண்டு. உங்கள் மணிக்கட்டு வளைவதும், கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து நெரிப்பதும் அதற்குத் தெரியாது. அந்தக் காதுக்கும் ஒலி சரியாகப் போய்ச் சேர வேண்டும். பலர் சீக்கிரமே கைவிடுவது விரல் வராததால் அல்ல, ஒலியைச் சரியாக அமைக்காததால். அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

வாங்கும்போது

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமில் இதன் விற்பனை 2023-லேயே நின்றுவிட்டது. இப்போது கிடைப்பது பழைய டிஸ்க்தான். கேஷ் க்ரூஸேடர்ஸ், கேஷ் கன்வர்ட்டர்ஸ் மாதிரிப் பழைய பொருள் கடைகளிலும் இணையத்தில் தனியார் விற்பனையிலும் தேட வேண்டும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் டிஸ்க் என்றால் பழையதை வாங்கலாம். கணினிக்கான கேம் பெட்டியைப் பழையதாக வாங்காதீர்கள். அதனுள் இருக்கும் ஸ்டீம் எண் ஒரு கணக்கில் ஒருமுறைதான் ஏறும், பயன்படுத்திய பெட்டி வெறும் அட்டை. முதல் ராக்ஸ்மித்தின் பெட்டியும் பார்க்க ஏறக்குறைய 2014 பெட்டி மாதிரியே இருக்கும். அட்டையில் 2014 என்று இருக்கிறதா பாருங்கள். பிளேஸ்டேஷன் 3-க்கான டிஸ்க் 4-ல் ஓடாது என்பதையும் கடையில் நின்று மறந்துவிட வேண்டாம்.

டிஸ்க்கைவிட முக்கியம் கேபிள். ரியல் டோன் கேபிள் என்பது அதன் பெயர். ஒரு முனையில் கிட்டாரில் நுழையும் கால் அங்குல ஜாக், மறுமுனையில் யூஎஸ்பி. கிட்டாரின் ஒலியை 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடமாக மாற்றி அனுப்பும். சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கும் வேறு கிட்டார் யூஎஸ்பி கேபிள்களைக் கேம் கன்சோல்கள் ஏற்பதில்லை. பழையதை வாங்கும்போது ஒரு லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். செருகியதும் விண்டோஸின் ரெக்கார்டிங் பட்டியலில் ராக்ஸ்மித் யூஎஸ்பி கிட்டார் அடாப்டர் என்ற பெயர் வர வேண்டும். வெறும் யூஎஸ்பி ஆடியோ என்று வந்தால் போலி. பெயர் சரியாக வந்த பிறகு ஜாக் முனையை மெல்ல வளைத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ ஒலி விட்டுவிட்டு வந்தாலோ உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. இந்தக் கேபிள் பழுதாவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். கிட்டாரில் செருகும்போது தோளில் மாட்டும் பட்டையின் உள்பக்கமாக ஒரு சுற்றுவிட்டுச் செருகினால் கால் தடுக்கினாலும் இழுவை ஜாக்கில் விழாது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் இரண்டு கேபிள் வேண்டும். திரை இரண்டாகப் பிரியும். ஒருவர் லீட் (முன்னணி மெட்டு), ஒருவர் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) என்று வாசிக்கலாம். பேஸ் கிட்டார் தனியாக இல்லாவிட்டாலும் சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளை ஒரு ஸ்தாயி இறக்கி பேஸ் ஆக்கிக் கொடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

கிட்டார் தயாரா

கேம் கேட்பது சுருதியை. ஆறாவது கம்பி (எல்லாவற்றிலும் தடித்தது) 82.4 ஹெர்ட்ஸ், ஐந்தாவது 110, நான்காவது 146.8, மூன்றாவது 196, இரண்டாவது 246.9, முதலாவது 329.6. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஏறக்குறைய 6 விழுக்காடு ஏறும். திறந்த கம்பியைச் சுருதி சேர்ப்பதைப் பாட்டு தொடங்கும் முன் கேமே செய்ய வைக்கும். ஆனால் திறந்த கம்பி சரியாக இருந்து பத்தாவது ஃப்ரெட்டில் சுரம் விலகினால், நீங்கள் சரியாக வாசித்தும் தவறு என்று வரும். விலை மலிவான கிட்டார்களில் இதுதான் முதல் சிக்கல்.

சோதிப்பது எளிது. 12-ஆம் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டி விரலை எடுங்கள், மணி போல ஒரு ஒலி வரும். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பாலத்தில் அந்தக் கம்பியின் சேடிலை (கம்பி உட்காரும் சிறு துண்டை)ப் பின்னுக்குத் தள்ளுங்கள்; இறங்கியிருந்தால் முன்னுக்கு. புதுக் கம்பி மாட்டிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பழைய கம்பியில் செய்தால் மாற்றியதும் மறுபடி விலகும். கம்பியின் உயரம் 12-ஆம் ஃப்ரெட்டில் 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருந்தால் புதிதாகப் பழகும் விரல் தாங்கும். 9-42 என்ற மெல்லிய கம்பிக் கட்டு போதும்.

டர்பன் கடற்கரைக் காற்று கம்பிக்குப் பகை. ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் துடைக்காமல் விட்ட கம்பி சில நாளில் சொரசொரப்பாகிவிடும். துருப்பிடித்த கம்பி எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது, அதனால் சுருதி சுத்தமாக நிற்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் கிள்ளித் துடைத்துவிட்டு வையுங்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பிரச்சினை வேறு. அங்கே குளிர்காலம் வறண்டது. மரம் சுருங்கி, ஃப்ரெட்டுகளின் முனை கழுத்தின் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறும். பெட்டிக்குள் ஈரப்பதம் தரும் சிறு டப்பா ஒன்றைப் போட்டு வைத்தால் தாங்கும்.

எலெக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டுமா? அக்கூஸ்டிக் கிட்டாரும் ஆகும். துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது) ஒன்றை வாங்கி அதன் ஜாக்கை இந்தக் கேபிளோடு சேர்க்கலாம். ஸ்டீல் கம்பியாக இருக்க வேண்டும், நைலானை அந்தக் காந்தம் கேட்காது. இந்த நாட்டிலேயே செய்த கேலோட்டோன் கிட்டார் ஒன்று தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கலாம். ஜான் லெனன் முதலில் வாசித்ததும் அந்தக் கம்பெனியின் கிட்டார்தான். பாசத்தோடு வைத்திருங்கள். ஆனால் அத்தனை பழைய கிட்டாரில் கம்பி உயர்ந்து கழுத்து வளைந்திருந்தால் இந்தக் கேமுக்கு அது ஒத்துவராது.

தாமதம் என்ற எதிரி

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கம்பியை மீட்டுகிறீர்கள். ஒலி கேபிளுக்குள் எண்ணாக மாறி, கேமுக்குள் போய், ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒலியாக மாறி, டிவிக்குப் போய், அதன் ஸ்பீக்கர் வழியாக உங்கள் காதுக்கு வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் சில மில்லி விநாடி போகும். 20 மில்லி விநாடிக்குள் இருந்தால் கை உணராது. 40-ஐத் தாண்டினால் கம்பி ரப்பர் மாதிரி இழுக்கும். 100 என்றால் வாசிக்கவே முடியாது. நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டில் ஒரு அடி 500 மில்லி விநாடி. அதை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 125. அதாவது 100 மில்லி விநாடித் தாமதத்தில் நீங்கள் மீட்டிய சுரம் ஏறக்குறைய அடுத்த சுரத்தின் இடத்தில் போய் ஒலிக்கும். புதிதாகப் பழகுபவருக்கு இது தெரியாது. தாளம் வரவில்லை, எனக்கு இது சரிப்படாது என்று கிட்டாரைச் சாத்திவிடுவார். தவறு அவர் கையில் இல்லை, டிவியில் இருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஆறு கம்பியையும் இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகட்டால்) ஒரு அறை. கம்பியிலிருந்து நேரடியாக ஒரு 'டக்' கேட்கும். ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒரே 'டக்' ஆகக் கேட்டால் நல்லது. 'ட-டக்' என்று இரட்டித்தால் தாமதம் இருக்கிறது.

முதல் குற்றவாளி எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகும் ஒலி. டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு ஒலியையும் நிறுத்தி வைக்கும். டிவியில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், கொஞ்சம் குறையும். முழுதாகத் தீர வேண்டுமென்றால் ஒலியை டிவிக்கு அனுப்பவே கூடாது. கணினியில் 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கோ ஹெட்ஃபோனுக்கோ எடுங்கள். பிளேஸ்டேஷன் 4-ல் ஆப்டிகல் துளை இருக்கிறது. அதிலிருந்து ஆம்ப்புக்கோ சிறு கன்வர்ட்டருக்கோ எடுக்கலாம். ஸ்லிம் மாடலில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு எச்டிஎம்ஐ ஒலியைப் பிரித்துத் தரும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவில் அதை மாட்டி, அதன் 3.5 துளையில் ஹெட்ஃபோனைச் செருக வேண்டும். டிவியின் ஹெட்ஃபோன் துளை உதவாது, அங்கே வருவதும் டிவி தாமதித்து விட்ட அதே ஒலிதான். ப்ளூடூத் ஸ்பீக்கர், ப்ளூடூத் ஹெட்ஃபோன் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். அவற்றில் தாமதம் நூறு மில்லி விநாடியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஸ்பீக்கர் தூரம்கூடக் கணக்கில் வரும்: காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி விநாடி. அறையின் அந்தக் கோடியில் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

படத்தையும் ஒலியையும் பொருத்தும் அமைப்பு ஒன்று கேமுக்குள் இருக்கிறது. அது படம் ஓடுவதை நகர்த்தும், அவ்வளவுதான். நீங்கள் மீட்டுவதற்கும் கேட்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை அது குறைக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் அதைத் திருகுபவர்கள் நிறையப் பேர்.

கணினியில் வாசிப்பவர்களுக்கு இன்னும் சில வேலை. கேபிளை ஹப்பில் செருகாமல் கணினியின் துளையில் நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸில் மைக்ரோஃபோன் அனுமதி திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் தெரியும், ஒலி வராது. ரெக்கார்டிங் பட்டியலில் அந்த அடாப்டரின் பண்புகளைத் திறந்து, ஒரு சேனல், 16 பிட், 48,000 என்று இருக்கிறதா பாருங்கள். ஒலி வெளிவரும் சாதனத்தையும் 48,000-க்கே மாற்றுங்கள். ஒலி மேம்பாடுகள் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். பிறகு கேம் நிறுவிய கோப்புறையில் ராக்ஸ்மித் என்ற பெயரில் .ini என்று முடியும் ஒரு அமைப்புக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் லேட்டன்ஸி பஃபர் என்ற வரி, எதிரே 4. அதை 3 ஆக்கிச் சேமித்து ஒரு பாட்டு வாசியுங்கள். வெடிப்புச் சத்தம் இல்லையென்றால் 2. வெடித்தால் ஒரு எண் மேலே வாருங்கள். நடுத்தர லேப்டாப்பில் 2 அல்லது 3-ல் நிற்கும். எக்ஸ்க்ளூசிவ் மோடும் அல்ட்ரா லோ லேட்டன்ஸி என்ற வரியும் 1-ல் இருக்கட்டும். ஃபோகஸ்ரைட் மாதிரி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ஆர்எஸ் ஆசியோ என்ற இலவச இணைப்பைக் கணினிப் பதிப்போடு சேர்த்தால் கேபிளே இல்லாமல் வாசிக்கலாம். இன்டர்ஃபேஸை 48,000-ல் வைக்க வேண்டும்.

தாமதம் எல்லாம் சரியான பிறகும் பேஸ் வாசிப்பவருக்குத் தடித்த கம்பியில் கேம் கொஞ்சம் தயங்கும். அது இயற்பியல். பேஸின் கடைசிக் கம்பி விநாடிக்கு 41 முறைதான் அதிரும். ஒரு அதிர்வுக்கே 24 மில்லி விநாடி. சில அதிர்வு கேட்டால்தான் சுருதி என்னவென்று சொல்ல முடியும்.

மின்சாரமும் முனகலும்

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டார் அந்த அதிர்வைக் காற்றிலிருந்தே பிடித்து 50-லும் 100-லும் முனகும். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். பக்கத்துப் பக்கம். முனகல் பெரிதானால் மெல்ல மீட்டும் சுரங்களைக் கேம் பிரித்தறிய முடியாமல் போகும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் அடங்கினால் காரணம் சார்ஜர், பேட்டரியிலேயே வாசியுங்கள். மின்வெட்டு நேரத்தில் லேப்டாப் பேட்டரியும் ஹெட்ஃபோனும் இருந்தால் இரண்டு மணி நேரம் வாசிக்கலாம், அப்போதுதான் ஒலி மிகச் சுத்தமாகவும் இருக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் கவனிக்க: மாடிஃபைடு சைன் வகை மலிவு இன்வெர்ட்டர் கிட்டாருக்குள் ரீங்காரத்தைக் கொண்டுவரும். ப்யூர் சைன் என்று எழுதியிருப்பதில் அது வராது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் கிட்டாருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

முதல்முறை திறந்ததும் கேம் கம்பிகளைப் பலமாக மீட்டச் சொல்லும், பிறகு கையால் மூடி அமைதியாக இருக்கச் சொல்லும். கிட்டாரின் வால்யூம் குமிழ் முழுதாகத் திறந்திருக்கட்டும். அமைதியாக இருக்கச் சொல்லும் இடத்தில் உண்மையிலேயே கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே அவசரப்பட்டால் பிறகு தொட்டதெல்லாம் தவறாகக் காட்டும். கிட்டாரை மாற்றினால் இந்த அளவீட்டையும் மறுபடி எடுக்க வேண்டும்.

பாடம் எப்படிப் போகிறது

திரையில் கழுத்து ஒன்று படுத்திருக்கும். தூரத்திலிருந்து நிறக் கட்டைகள் உங்களை நோக்கி ஓடி வரும். தடித்த கம்பியிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு, பச்சை, ஊதா. கட்டை வந்து சேரும் கணத்தில் அந்தக் கம்பியை அந்த ஃப்ரெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். டேப் (கம்பியையும் ஃப்ரெட் எண்ணையும் காட்டும் கிட்டார் குறிப்பு) படித்துப் பழகியவர்களுக்குக் கம்பிகளின் வரிசையைத் தலைகீழாக்கும் அமைப்பு இருக்கிறது. முதல் நாளே உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொண்டு பிறகு மாற்றாதீர்கள்.

தொடக்கத்தில் கேம் சில சுரங்களை மட்டும் காட்டும்; சரியாக வாசிக்க வாசிக்க இடையில் சுரங்களை நிரப்பிக்கொண்டே போகும். டைனமிக் டிஃபிகல்டி என்று பெயர். முதல் இரண்டு வாரம் இது அருமை. பத்தாவது நிமிடத்திலேயே ஒரு பாட்டோடு சேர்ந்து வாசித்த மகிழ்ச்சி கிடைக்கும், அந்த மகிழ்ச்சிதான் மறுநாளும் கிட்டாரை எடுக்க வைக்கும். அதற்கப்புறம் இதே வசதி கெடுதல் செய்யும். ஒரு உதாரணம். பாட்டில் ஜி கார்ட் (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது கார்ட்) வருகிறது. கேம் முதலில் அதன் அடிச் சுரத்தை மட்டும் காட்டும்: ஆறாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட். எல்லாரும் அதைச் சுட்டுவிரலால் அழுத்துவார்கள், அதுதான் இயல்பு. நூறு முறை அப்படி அழுத்தியபின் கேம் முழுக் கார்டைக் காட்டும். அதற்கு அதே இடத்தில் நடுவிரல் வேண்டும், சுட்டுவிரல் ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும், மோதிர விரல் முதல் கம்பியின் மூன்றாவதுக்கு. விரல் கற்ற பாடத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

மருந்தும் கேமுக்குள்ளேயே இருக்கிறது. ரிஃப் ரிப்பீட்டர். இந்தக் கேமின் உயிரே இதுதான். பாட்டை நிறுத்தி அதைத் திறங்கள். நாலு முதல் எட்டு அளவு (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். கடினத்தை நேராக 100 விழுக்காட்டுக்கு ஏற்றுங்கள், எல்லாச் சுரமும் தெரியட்டும். வேகத்தை 60-க்கு இறக்குங்கள். கடினத்தைத் தானாக ஏற்றும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று முறை தவறில்லாமல் வந்தால் வேகத்தை 5 ஏற்றுங்கள். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் 10 இறக்குங்கள். 50-க்குக் கீழே போனால் பாட்டின் ஒலி குழைந்து தாளம் பிடிபடாது, அதனால் அங்கே போக வேண்டாம். பகுதியைப் பாதியாக வெட்டுங்கள். இருபது நிமிடம் இதில் போனால் பத்து நிமிடம் முழுப் பாட்டு. வெறும் பாட்டாக ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட இந்த அரை மணி மேல். நாளுக்கு ஒரு மணி வீதம் 60 நாள் என்று யூபிசாஃப்ட் ஒரு சவாலை விளம்பரப்படுத்தியது. புது விரலுக்கு ஒரே மூச்சில் ஒரு மணி அதிகம். காலையில் அரை, இரவில் அரை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பகுதி முழுதாக வசப்பட்டதும் மாஸ்டர் மோட் வரும். திரையில் சுரங்கள் மங்கி மறையும். கட்டை வராமல் கை போகிறதா என்று அப்போதுதான் தெரியும். சிலர் அதை எரிச்சலில் அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள்.

கிட்டார்கேட் என்று சிறு விளையாட்டுகள் உண்டு. பிள்ளைகள் அதைத்தான் முதலில் திறப்பார்கள், திறக்கட்டும். நம் காதுக்கு அதில் முக்கியமானது டெம்பிள் ஆஃப் பெண்ட்ஸ். கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றும்போது சரியான இடத்தில் போய் நின்றதா என்று அது அளந்து சொல்லும். மூன்றாவது கம்பி ஏழாவது ஃப்ரெட்டை வளைத்து ஒரு முழு சுரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏற்றினால், இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டின் ஒலி வர வேண்டும். முதலில் அதை மீட்டிக் கேட்டுவிட்டு வளையுங்கள். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் இது கமகம் ஆகிவிடாது. கேம் பார்ப்பது புறப்பட்ட சுரத்தையும் போய்ச் சேர்ந்த சுரத்தையும்தான். நமக்கு உயிர் நடுவில் உள்ள அசைவில்.

செஷன் மோடைப் பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. நான்கு வாத்தியம் வரை தேர்ந்தெடுத்தால் ஒரு குழு உங்களோடு வாசிக்கும். நீங்கள் மெல்ல மீட்டினால் அடங்கும், வேகமெடுத்தால் கூடவே வரும். ஸ்கேலை மேஜர் பென்டடானிக் என்று வையுங்கள், அது மோகனத்தின் ஐந்து சுரம். மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. ஈ மைனர் பென்டடானிக்கில் தொடங்கினால் ஆறு திறந்த கம்பிகளும் அந்த ஐந்து சுரத்துக்குள்ளேயே இருப்பதால் கை எந்தத் திறந்த கம்பியில் பட்டாலும் அபசுரம் வராது. தெரிந்த ஒரு பஜனை மெட்டை அதில் தேடிப் பிடிக்கப் பாருங்கள். எந்தப் பாடமும் தராத காது வேலை அது.

கண் இல்லாத குறை

பாட்டுப் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் ராக். தமிழ்ப் பாட்டு கிடையாது. குவாசூலு-நடாலில் இருந்துகொண்டு கிட்டார் பழகுபவருக்கு சூலு மக்களின் கிட்டார் இசையான மஸ்கண்டியும் கிடையாது என்பது பெரிய குறை. முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் இரண்டு தனிக் குரலாக ஓடும் அந்த வாசிப்பைப் பக்கத்துத் தெருவில் ஒரு சூலு வாத்தியாரிடம் கேட்டுத்தான் கற்க வேண்டும். ஸ்டாஃப் நோட்டேஷனும் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக் குறிப்பு) இதில் இல்லை. யூனிசா, ட்ரினிட்டி இசைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு இது துணைப் பயிற்சி மட்டுமே.

அதைவிடப் பெரிய குறை, அது மன்னிக்கும் தவறுகள். ஆறாவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டும் திறந்த ஐந்தாவது கம்பியும் ஒரே 110 ஹெர்ட்ஸ். எதில் வாசித்தாலும் சரி என்றே சொல்லும். பக்கத்துக் கம்பி கூடவே ஒலித்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும். கார்டில் ஒரு கம்பி செத்துப்போனாலும் பல நேரம் கடந்துவிடும். பிக் கீழே போனதா மேலே போனதா என்று தெரியாது. எண்பது விழுக்காடு என்று திரை மின்னும், கேட்பவர் காதில் கசகசவென்று விழும். அதனால் தொடங்கிய முதல் மாதத்தில் இரண்டு மூன்று வகுப்பாவது ஒரு மனித வாத்தியாரிடம் போய் உட்காருவது, பிக் பிடிப்பது, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் ஆகியவற்றைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். விரல் நுனி எரிவது இயல்பு, இரண்டு வாரத்தில் தோல் தடிக்கும். மணிக்கட்டு வலி இயல்பல்ல.

2022-ல் வந்த ராக்ஸ்மித் பிளஸ் சந்தா முறை. 5,000-க்கு மேல் பாட்டோடு தொடங்கியது; கேபிள் இல்லாமல் ஃபோன் மைக் வழியாகவும் கேட்கும். பாட்டு அதிகம், ஆனால் சந்தா நின்றால் எல்லாம் நின்றுவிடும். டிஸ்க்கும் நல்ல கேபிளும் கிடைக்கிறவரை பழைய 2014-ஐயே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம், கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்த வாரம் பழகிய எட்டு அளவை, காலால் தாளம் தட்டி, திரையில்லாமல் வாசித்து ஃபோனில் பதியுங்கள். கேட்கும்போது மூன்று இடத்தை மட்டும் கவனியுங்கள்: கார்ட் மாறும்போது விழும் இடைவெளி, பக்கத்துக் கம்பியின் தேவையில்லாத ஒலி, தாளம் ஓடுகிறதா இழுக்கிறதா என்பது. எந்த அளவில் தடுக்கிற்றோ அதைத் திங்களன்று ரிஃப் ரிப்பீட்டரில் 60-ல் வைத்துத் தொடங்குங்கள்.